நுனி தெரியாமல் முடிப்பது

பூ கட்டத் தெரிந்தவர்கள் திருத்தணியில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். கட்டியதை அவிழாமல் முடிக்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 365 படியும் ஆடிக்கொண்டே ஏறும் காவடியில், முதலில் தளர்வது சரத்தின் கடைசி முடிச்சுதான்.

பூச்சரத்தில் ஜோடிக்கு ஒரு சுருக்கு. காம்பை நாரால் ஒரு சுற்று சுற்றி, விரலில் வளையம் திருப்பி, காம்பின் மேல் மாட்டி இழுக்கிறோம். ஒரு சுருக்கை அடுத்த சுருக்கு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடைசிச் சுருக்கைப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால் பூவில்லாமல் வெறும் சுருக்கு இரண்டு போட்டு அறுத்துவிடுவார்கள். தலையில் வைக்கும் ஒரு முழத்துக்கு அது தாராளம். காவடிக் கொம்பில் சுற்றிய சரத்துக்குப் போதாது.

எனக்கு வழி சொன்னவர் பழவேற்காட்டு நண்பர். தூண்டில் முள்ளில் நரம்பு கட்டும்போது அவர் முடிச்சே போடுவதில்லை. நரம்பை அதன் நுனி மேலேயே நெருக்கமாகச் சுற்றி, நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்துப் புதைத்துவிடுகிறார். வெள்ளைக்காரர்கள் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்ட நீலகிரி ஓடைகளில், இறகும் ரோமமும் வைத்துப் பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிப்பவர்களும் நூலை இப்படித்தான் முடிக்கிறார்கள். முடிச்சு புடைத்து நின்றால் பூச்சி பூச்சி மாதிரி இருக்காதே!

கொம்பில் செய்யும் விதம் இது. தனியாக ஒரு சாண் நூலை இரண்டாக மடித்துக் கொம்போடு ஒட்டிப் படுக்க வையுங்கள். கட்டிவந்த நூலால் அதன் மேலேயே, மடிப்பு இருக்கும் பக்கம் நோக்கி, ஆறேழு சுற்று சுற்றுங்கள். மடிப்பு மட்டும் வெளியே நீட்டியிருக்கட்டும். கட்டு நூலின் நுனியை அந்த மடிப்புக்குள் நுழைத்து, மறுபக்கம் நிற்கும் இரண்டு நுனிகளையும் சேர்த்து இழுங்கள். மடிப்பு நூல் உருவிக்கொண்டு வரும்போது கட்டு நூலின் நுனியையும் சுற்றுகளுக்கு அடியில் கூட்டிவந்துவிடும். மிச்சத்தை ஒட்ட நறுக்கினால் வேலை முடிந்தது. பிடிமானம் முழுக்க உராய்வில்தான்.

சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது; ஏறினால் நுனி நடுவழியில் சிக்கும். கடைசிச் சுற்றின் மேல் கட்டைவிரலை எடுக்கவே எடுக்காதீர்கள். இழுப்பது கொம்பின் நீளவாக்கில் இருக்கட்டும். பக்கவாட்டில் இழுத்தால் நூல் அறுந்துபோகும். பழகுவதற்குப் பூவை வீணாக்க வேண்டாம். பென்சிலில் தடித்த கயிறு கட்டிப் பாருங்கள், எது எதற்கு அடியில் போகிறதென்று கண்ணுக்குத் தெரியும். வாழைநார் இதற்கு ஒத்துவராது. ஈரம் காய்ந்தால் மடிப்பில் ஒடிந்துவிடும். சரத்தை நாரிலேயே கட்டுங்கள். கொம்பில் முடிக்க மட்டும் நனைத்த பருத்தி நூல்.

அடிவாரத்தில் பூ விற்கும் அக்காவிடம் செய்து காட்டினேன். 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. அவருடைய வியாபாரத்தில் பாதி இன்னமும் தெலுங்கில்தான். என் விரலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது கொம்புக்கு ஆவும் தம்பி, பூவுக்கு ஆவாது. இத்தன சுத்து சுத்திக்கினு இருந்தா நான் எப்ப முழம் போடுறது?" என்றார். சரியான தீர்ப்பு. விற்கிற சரத்துக்கு அவருடைய இரண்டு வெறும் சுருக்கே போதும்.

ஒரு வேண்டுகோள். உறுதியாக இருக்கும் என்று நைலான் நரம்பில் காவடி கட்டாதீர்கள். வழவழப்பால் அதற்கு இரண்டு மடங்கு சுற்று வேண்டும். அதோடு, கழித்துப் போட்ட பூவை மேயும் மாடு நரம்பையும் சேர்த்தே விழுங்கும்.