லட்லோவுக்குச் சந்தை நாளில் போங்கள்

இங்கிலாந்துப் பயணம் என்றதும் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பாத் என்று பட்டியல் போடுகிறவர்களிடம், லட்லோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். வேல்ஸ் எல்லைப் பக்கம், ஷ்ராப்ஷயரில், டீம் ஆற்றங்கரைக் குன்றின் மேல் அமைந்த சிறிய ஊர். சட்டப் பாதுகாப்பில் இருக்கும் பழைய கட்டடங்களே ஏறக்குறைய 500 தேறும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கக் கிளம்பினால் மதியத்துக்குள் சலித்துவிடும். சந்தையை வைத்துப் பார்த்தால்தான் இந்த ஊர் பிடிபடும்.

நாள் பார்த்துக் கிளம்புங்கள். கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் வழக்கமான சந்தை கூடும். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். லண்டனிலிருந்து நேரடி ரயில் கிடையாது. வழியில் மாறி ஏறினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் முந்தைய இரவே போய்த் தங்குவதுதான் நல்லது.

கேட்டு வாங்குங்கள். சீஸ் கடையில் ஒரு துண்டு ருசி பார்க்கக் கேட்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. சைவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பாலைத் திரியவைக்கும் ரென்னட் சில சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் நீல நரம்போடும் ‘ஷ்ராப்ஷயர் ப்ளூ’வை உள்ளூர்ச் சரக்கு என்று நினைத்து வாங்குவோம். அது முதலில் உருவானது ஸ்காட்லாந்தில்!

தெரு ஒடுங்கும் இடத்தில் நில்லுங்கள். சதுக்கத்திலிருந்து கிழக்கே நடந்தால் அகலமான வெளி சட்டென்று சந்துகளாகப் பிரியும். இடைக்காலத்தில் கோட்டையிலிருந்து புல் ரிங் வரை ஒரே அகலச் சந்தைத் தெருவாக இருந்தது. நடுவில் போட்ட தற்காலிகக் கடைகள் நாளடைவில் நிரந்தரமாகி, மாடி வீடுகளாகவே எழுந்துவிட்டன. நம்மூர் பாஷையில் சொன்னால், ஆக்கிரமிப்பு. ஊரிலேயே உயரமான கோபுரத்தை வைத்துக்கொண்டும் செயின்ட் லாரன்ஸ் தேவாலயம் தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தென்படாததற்கு இந்தக் கட்டட வரிசைதான் காரணம்.

தேவாலயத்தில் குனிந்து பாருங்கள். வண்ணக் கண்ணாடிகளை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் பாடகர் குழுவின் மர இருக்கைகளுக்குப் போங்கள். நெடுநேரம் நின்று வழிபட்டவர்கள் லேசாகச் சாய்ந்துகொள்ள, மடக்கு இருக்கையின் அடியில் சிறு தாங்கிகள் வைத்து, அவற்றில் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில், அளவில் ஏமாற்றிய பீர்க்காரியை ஒரு பிசாசு தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப் போகிறது. அவள் கையில் பீர்க் குவளை இன்னும் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பிசாசு பைக்குழல் ஊதுகிறது. சந்தை ஊரில் எது பெரும் பாவம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

கோட்டைக்குக் கடைசியாகப் போங்கள். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோட்டை இது. பட்டத்து இளவரசர் ஆர்தர் 1502இல் இங்கே இறந்ததால்தான் அவர் தம்பி எட்டாம் ஹென்றியாக முடிசூடினார். நமக்கு அதைவிட நெருக்கமான சங்கதி ஒன்றும் உண்டு. ராபர்ட் கிளைவ் இதே ஷ்ராப்ஷயர்க்காரர். ஷ்ரூஸ்பரி சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. லட்லோவில் நினைக்க வேண்டியவர் அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ். 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆட்சி செய்தவர் அவர்தான். ஊர் திரும்பி போவிஸ் பிரபுவானவர், 1811இல் இந்த லட்லோ கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார். இன்றும் இது போவிஸ் குடும்பச் சொத்து. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சுவர்களுக்குள் நடந்தபோது, பிற நாட்டுச் சரித்திரத்தை வேடிக்கை பார்க்கிற நினைப்பு எனக்குப் போய்விட்டது.

கால்களைக் கவனியுங்கள். பிராட் தெரு, பழைய நகர வாயிலைத் தாண்டி ஆற்றுப் பாலம் வரை ஒரே சரிவு. இறங்கும்போது சுகம், ஏறும்போது முழங்கால் சொல்லும். வழுக்காத காலணியும் மழைக்கோட்டும் கோடையிலும் வேண்டும். டின்ஹாம் பாலம் கடந்து விட்க்ளிஃப் மேட்டுக்கு ஏறினால் கோட்டையும் கோபுரமும் ஒரே பார்வையில் அடங்கும்.

கையில் இன்னொரு நாள் இருந்தால் வேல்ஷ்பூல் அருகே உள்ள போவிஸ் மாளிகைக்குப் போங்கள். கிளைவ் குடும்பம் கொண்டுவந்த திப்பு சுல்தானின் கூடாரமும், அவர் அரியணையை அலங்கரித்த புலித்தலை ஒன்றும் அங்கே இருக்கின்றன. லட்லோவைப் பார்த்துவிட்டு அங்கே போவதுதான் சரியான வரிசை: வாங்கியதை முதலில் பாருங்கள், அள்ளி வந்ததைப் பிறகு.