பில்லில் மிச்சம், பையில் இல்லை

கேள்வி: மாதம் ஒருமுறை காரில் கோவை போய், தள்ளுபடி அங்காடியில் மளிகை வாங்குகிறோம். பில்லின் அடியில் ‘நீங்கள் சேமித்தது ரூ.640’ என்று வருகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் கை காலி. எங்கே தப்பு?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்த 640 ரூபாய், எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்த கணக்கு சகோதரி. உங்கள் ஊர்க் கடைக்காரரும் பல பொருளை எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் தருகிறார். அவர் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் பாதிகூடத் தேறாது. போக வர 60 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினாலும் பெட்ரோலுக்கே 400 ரூபாய் தாண்டும். மதியச் சாப்பாடு தனி.

சர்க்கரை, எண்ணெய் என்று நமக்கு விலை மனப்பாடமான பொருளில்தான் தள்ளுபடி பளிச்சென்று தெரியும். அங்காடிக்கு லாபம் வேறிடத்தில். பட்டியலில் இல்லாமல் வண்டியில் ஏறிய பிளாஸ்டிக் டப்பா, பிஸ்கட், மூன்றாவது பெட்ஷீட். போன மாத பில்லை எடுத்து அவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் முதலில் ரேஷன் கடை. பிறகு கேரள அரசு நிறுவனமான சப்ளைகோவின் மாவேலி ஸ்டோர். ரேஷன் கார்டுக்கு 13 பொருள்கள் மானிய விலையில் உண்டு. இருப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள். பாக்கெட் வாங்கினால் அதில் அச்சிட்ட கிராம் விலையை ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவல்ல.

மீதியை ஊர்க் கடையில் வாங்குங்கள். ஜூனில் பள்ளி திறந்து கை இறுகும்போது, பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி அளப்பவர் அந்தக் கடைக்காரர்தான். அந்தக் கடை மூடினால் வரும் நஷ்டம் எந்த பில்லிலும் வராது.