பில் வந்த வழியில் பணம் போகக் கூடாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். கட்டாதே. கிழித்தும் போடாதே, கடையில் மற்றவர்களுக்குக் காட்ட உதவும்.

அதை இன்னொரு முறை எடுத்து நிதானமாகப் படி. மேலே 'டொமைன் புதுப்பிப்பு: இறுதி அறிவிப்பு' என்று கொட்டை எழுத்து. நம் இணையதளத்தின் பெயர், அதாவது டொமைன், ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. காலாவதித் தேதியும் சரி. இப்போது கடைசி வரிக்கு வா. சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தடுமாற வைக்கும் பொடி எழுத்தில், இது பில் அல்ல, எங்கள் சேவைக்கு மாற விரும்பினால் பணம் செலுத்தலாம் என்று பில் அனுப்பியவன் போட்டிருக்கிறான். நாளை யாராவது கேட்டால் 'விளம்பரம்தானே அனுப்பினோம்' என்று நழுவத்தான் அந்த வரி.

நம் பெயரும் தேதியும் இவனுக்கு எப்படித் தெரிந்தன என்று கேட்டிருந்தாய். ஒரு டொமைன் எந்தத் தேதியில் முடிகிறது, எந்த நிறுவனம் வழியாகப் பதிவானது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உரிமையாளரின் முகவரியும் போன் நம்பரும்கூட முன்பு அப்படியே தெரிந்தன. 2018-இல் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அவற்றைப் பெரும்பாலும் மறைத்தார்கள். மறைத்து என்ன, காந்தி ரோட்டில் உள்ள நம் பட்டுக்கடை முகவரியை நாமே நம் தளத்தின் அடியில் போட்டு வைத்திருக்கிறோமே!

இந்தத் தந்திரம் புதிதல்ல. 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' என்று ஒரு கம்பெனி இருந்தது. பெயரைக் கேட்டால் அரசு அலுவலகம் மாதிரி இருக்கும், ஆனால் தனியார். உங்கள் டொமைன் முடியப்போகிறது என்று தபாலில் கடிதம் அனுப்பும். கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டியவர்களின் டொமைன் பழைய நிறுவனத்தை விட்டு இவர்கள் கைக்கு மாறிவிடும், கட்டணமும் மற்ற இடங்களைவிடக் கூடுதல். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003-இல் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. அப்புறமும் கனடா, ஐரோப்பா என்று பெயர் மாற்றிக் கடிதங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. உலக அளவில் டொமைன்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு, இதன் பின்னால் இருந்த கனடா நிறுவனத்தின் பதிவு உரிமையை 2014 ஜூலையில் 90 நாள் நிறுத்தி வைத்தது.

இத்தனைக்குப் பிறகும் பணம் கட்டுகிறவர்கள் ஏமாளிகள் என்று நினைத்துவிடாதே. டொமைனை வாங்கியவர் ஒருவர், தளத்தை நடத்துகிறவர் இன்னொருவர், பில் கட்டுகிறவர் மூன்றாமவர். முகூர்த்த மாதத்தில் கணக்குப் பார்ப்பவர் மேசையில் ஜரிகை பில், பட்டு நூல் பில், நெசவுக் கூலிச் சீட்டு என்று குவிந்து கிடக்கும். நடுவில் இது ஒரு சில்லறைத் தொகை. யாரைக் கேட்பார்? கட்டிவிடுவார்.

டொமைன் போய்விடுமோ என்ற பயமும் நியாயமானதுதான். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் உள்நுழைவுச் சேவையான 'பாஸ்போர்ட்'டின் டொமைனைப் புதுப்பிக்க மறந்ததால் ஹாட்மெயிலே தடுமாறியது. யாரோ ஒரு புரோகிராமர் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். 2021-இல் கூகுளின் அர்ஜென்டினா முகவரியை ஓர் இளைஞர் சாதாரணமாகக் காசு கொடுத்து வாங்கிவிட்டார். ஆகவே புதுப்பிக்கத்தான் வேண்டும், பில் காட்டுகிற வழியில் வேண்டாம்.

நம் கடைக்கு வரும் விவரமான பாட்டிமார் லேபிளைப் பார்ப்பதில்லை. ஜரிகையை லேசாகச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பில்லையும் அப்படிச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பில்லில் இருக்கும் லிங்க்கையோ க்யூஆர் கோடையோ போன் நம்பரையோ தொடாதே. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் தளத்துக்கு நீயே முகவரி அடித்து உள்ளே போ. பாக்கி இருந்தால் அங்கே காட்டும். '.இன்' டொமைன்களின் பதிவேடு மத்திய அரசின் கீழ் உள்ள நிக்சியிடம் இருக்கிறது. அங்கே தேடினால் நம் பதிவு நிறுவனம் எது, தேதி என்ன என்று தெரியும். பில்லில் உள்ள பெயர் வேறாக இருந்தால் விஷயம் முடிந்தது. உள்ளூர்க் கம்பெனி என்றால் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையும் அரசுத் தளத்தில் போட்டுப் பார்.

'இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் பெயர் போய்விடும்' என்றால் இன்னும் சந்தேகப்படு. '.காம்' போன்ற டொமைன்களுக்கு, பதிவு நிறுவனம் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகேன் விதி. நீக்கப்பட்ட பிறகும் மீட்க 30 நாள் உண்டு, செலவுதான் கூடும்.

இந்தப் போலி பில்லுக்கு ஒன்றுவிட்ட உறவுகளும் உண்டு. சீனாவில் ஒருவர் உங்கள் கடைப் பெயரைப் பதிவு செய்யப் போகிறார், முந்திக்கொள்ளுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வரும். டொமைன் முடிகிறது என்று தலைப்புப் போட்டு, உள்ளே கூகுளில் தெரிய வைக்கிறோம் என்று காசு கேட்பது இன்னொன்று. பதில் போடாதே.

கட்டிவிட்டது தெரிந்தால் கூச்சப்பட்டு மூடி வைக்காதே. உடனே 1930-க்குப் போன் போடு, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிவு செய், பாங்குக்கும் சொல். பாஸ்வேர்டோ, டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் குறியீடோ கொடுத்திருந்தால் பதிவு நிறுவனத்துக்கும் அப்போதே சொல்ல வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய். டொமைன் நம் பெயரில்தான் இருக்கிறதா என்று பார். தளம் செய்து கொடுத்தவர் தன் மின்னஞ்சலில் பதிவு செய்து வைத்திருப்பது நம் ஊரில் சகஜம். அப்படி இருந்தால் நம் பெயருக்கு மாற்றி வாங்கு. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் நம் டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் நினைவூட்டலும் வந்து சேராது. டொமைன் வேறு நிறுவனத்துக்கு மாறாதபடி டிரான்ஸ்ஃபர் லாக்கைப் போட்டு வை, ஓடிபியும் கேட்கும்படி செய். சில வருடங்களுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம். 10 வருடம் வரை அனுமதி உண்டு.

பிறகு ஒரே தாளில் நிறுவனத்தின் பெயர், தேதி, வழக்கமான தொகை, கட்டுவது யார் என்ற நான்கையும் எழுது. பாஸ்வேர்டை எழுதிவிடாதே. அந்தத் தாளை உன் பீரோவில் வைத்துப் பயனில்லை. கணக்குப் பார்ப்பவரிடம் கொடு, இதில் இல்லாத பெயரில் வந்தால் கட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடு. அடுத்த பில் உனக்கு முன்னால் அவர் மேசைக்குத்தான் வரும்.

அன்புடன்,
பெரியப்பா