மலை ஏறி இறங்கினால் வேலை சுழியா?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

சென்ற ஆண்டு இயந்திரவியல் வகுப்பில் ஒரு விதியைப் படித்தோம். ஈர்ப்பு விசை ஓர் ஆற்றல் மாற்றா விசை. எனவே புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்த ஒரு பொருளின்மீது ஈர்ப்பு விசை செய்த மொத்த வேலை சுழி. இடையில் எத்தனை மேடு ஏறினாலும், எத்தனை பள்ளம் இறங்கினாலும் விடை அதுதான்.

அன்று இரவு இதை வீட்டில் சொன்னேன். என் தந்தை வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைக்குப் பல ஆண்டுகள் அரிசியும் பருப்பும் தலைச்சுமையாகக் கொண்டு சென்றவர். கைநாட்டு வைப்பவர். “காலையில ஏறி சாயங்காலம் எறங்கிருவேன். அப்ப நான் பாத்தது வேலையே இல்லையாப்பா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. அக்கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

ஏற்றம்

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் எடை 60 கிலோ, தலைச்சுமை 25 கிலோ, ஏறும் உயரம் 1,000 மீட்டர் என்று கொள்வோம். ஈர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை 85 × 9.8 × 1,000, அதாவது 8,33,000 ஜூல். இது சுமார் 200 கிலோகலோரி. ஆனால் நம் தசை, செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கையே இயக்க வேலையாக மாற்ற வல்லது; எஞ்சியது வெப்பமாகிறது. ஆகவே ஏற்றத்திற்கு மட்டும் உடல் கொடுக்கும் விலை சுமார் 800 கிலோகலோரி. வழுக்குப்பாறையைக் கடப்பதற்குள் சட்டை நனைந்துவிடுவதன் காரணம் இதுவே.

இறக்கம்

சுமையை மேலே வைத்துவிட்டு வெறுங்கையுடன் இறங்கும்போது ஈர்ப்பு விசை 5,88,000 ஜூல் வேலையைச் செய்கிறது. இந்த ஆற்றல் நம் தசைக்குத் திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது. கால்கள் தடையாக நின்று அதை வாங்கி வெப்பமாக்கிவிடுகின்றன. இறங்குவது எளிது என்று நாம் நினைப்பது பாதி உண்மையே.

1952-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்னும் மூவர் ஓர் அழகிய சோதனை செய்தனர். இரண்டு மிதிவண்டிகளைச் சங்கிலியால் இணைத்து, ஒருவரை முன்னோக்கி மிதிக்கச் செய்தனர்; மற்றவர் அதைத் தடுத்து நிறுத்த முயல வேண்டும். இருவர் கால்களிலும் விசை ஒன்றே. ஆயினும் மிதித்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன், தடுத்தவருக்குத் தேவைப்பட்டதைவிடப் பன்மடங்கு. இறங்கும் கால் செய்வதும் இத்தகைய தடுப்பு வேலையே. அதனால்தான் இறக்கத்தில் மூச்சு வாங்குவதில்லை.

ஆனால் விலை வேறு வழியில் வருகிறது. தடுக்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இழுக்கிறது. குறைந்த இழைகளே பெரும் விசையைத் தாங்குவதால் அவற்றில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஓர் ஆடி அமாவாசைக்குத் தந்தையுடன் நானும் மலைக்குச் சென்றேன். மறுநாள் சற்று வலி. அதற்கு மறுநாள் கல்லூரி மாடிப்படியில் இறங்கக் கைப்பிடியைப் பற்ற வேண்டியதாயிற்று. லாக்டிக் அமிலத்தால் இவ்வலி வருகிறது என்று பலர் கூறுவர். அது சரியன்று, அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். தந்தைக்கோ வலியே இல்லை. ஒருமுறை இறக்கத்திற்குப் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவாகச் சேதமடைவதில்லை என்பது இன்று ஆய்வில் கண்ட உண்மை.

மலைப்பாதை ஓட்டம்

இன்று இந்த ஏற்ற இறக்கமே ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. பிரான்சு நாட்டின் ஷாமோனி நகரில் 2003-இல் தொடங்கிய மோன் பிளாங்க் ஓட்டத்தில் வீரர்கள் இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட நகருக்கே திரும்புகின்றனர். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர். ஈர்ப்பின் கணக்கில் அதுவும் சுழியே!

இத்தகைய ஓட்டத்தில் ஈடுபட விரும்பும் நண்பர்கள் ஏற்றத்தைவிட இறக்கத்திற்கே மெல்ல மெல்லப் பழக வேண்டும். அடி சிறிதாகவும் முழங்கால் சற்று மடங்கியும் இருக்கட்டும். “ஏத்தத்துல மூச்சப் பாரு, எறக்கத்துல முட்டியப் பாரு” என்பது என் தந்தையின் பாடம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் தந்த கால விதியும் பயன்படும்: 3 மைல் தொலைவுக்கு ஒரு மணி; ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்திற்கும் கூடுதலாக ஒரு மணி. சதுரகிரிக் காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் உள்ளது. ஆகவே வனத்துறையின் அனுமதியின்றி அங்கு ஓடலாகாது.

மேலேறியவருக்குக் கண்கொள்ளாக் காட்சி உண்டு. 1,000 மீட்டர் உயரத்திலிருந்து, தடையும் மூட்டமும் இல்லையெனில், அடிவானம் சுமார் 113 கிலோமீட்டர் தொலைவில் அமையும். கண்மாய்கள், கரிசல் காடுகள், சிவகாசி யாவும் அதற்குள் அடங்கும்.

விடை

இனித் தந்தையின் கேள்விக்கு வருவோம். விதி பொய்யன்று; ஆனால் அது ஈர்ப்பு விசையின் கணக்கு மட்டுமே. உடலின் கணக்கு வேறு. ஏற்றத்தில் ஆற்றலும் இறக்கத்தில் தசையும் செலவாயின. மேலும், தந்தை திரும்பிவிட்டார், மூட்டை திரும்பவில்லை. அந்த 25 கிலோ, 2,45,000 ஜூல் நிலை ஆற்றலுடன் மலைமேல் இருந்தது.

இதைக் கரும்பலகை இன்றி, திண்ணையில் விளக்கினேன். “மூட்டைக்கு அது தெரிஞ்சா சரி” என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் கற்ற ஒவ்வொரு விதியையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். அங்கே எழும் கேள்விகளே நம்மை மீண்டும் நூலைத் திறக்கச் செய்கின்றன.