விசுவாசமும் துரோகமும்: 'யூலியஸ் சீசர்' நாடகம் பற்றிய ஓர் ஆய்வு

கயவன் ஒருவன் துரோகம் இழைப்பானாயின் அதில் நாம் வியப்பதற்கு யாதுமில்லை. நல்லவன் ஒருவன், தன் நண்பனிடத்துக் கொண்ட அன்பு சிறிதும் குன்றாதிருக்கும்போதே, நாட்டின் பெயரால் அந்நண்பனைக் கத்தியாற் குத்துவானாயின் அச்செயலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவே சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்தின் உயிர்நிலையாகும்.

1599ஆம் ஆண்டளவில் இயற்றப்பெற்ற இந்நாடகம், 1623இல் வெளிவந்த நாடகத் தொகுதியில் முதன்முதலாக அச்சேறியது. புளூட்டாக் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைத் தோமஸ் நோர்த் 1579இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூலிலிருந்தே சேக்ஸ்பியர் தம் கதையை எடுத்துக்கொண்டார். செகசிற்பியார் என்று தமிழ்ப் பெயர் சூட்டி இப்புலவரை நம்மவர்க்கு அறிமுகம் செய்த விபுலாநந்த அடிகளின் 'மதங்க சூளாமணி' வெளிவந்தது 1926இல் ஆகும். அந்நாள் தொட்டு இந்நாடகங்களைத் தமிழ் உள்ளத்தோடு கற்கும் மரபு நம்மிடையே உண்டு.

வரலாற்றை முதலிற் சிறிது நோக்குவோம். கி.மு. 48இல் பார்சாலஸ் போர்க்களத்தில் சீசருக்கு எதிராக நின்றவன் புரூட்டஸ். வென்ற சீசர் அவனை மன்னித்ததோடமையாது உயர்பதவியும் நல்கினான். பின்னர்ச் சீசர் வாழ்நாள் முழுவதற்கும் சர்வாதிகாரியானான். மன்னராட்சியை வெறுத்த உரோமரிற் சிலர், அவன் முடி சூடிக்கொள்வான் என அஞ்சினர். கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி அவன் கொலையுண்டான். அவன் உயிர்தந்து உயர்த்திய புரூட்டஸும் கொன்றவருள் ஒருவனாயினான்.

நாடகத்தில் இச்சதியின் தலைவன் கசியஸ். சீசரின் உயர்வைக் கண்டு பொறாமை கொண்ட அவன், மக்கள் போற்றும் புரூட்டஸின் நற்பெயர் இன்றித் தன் எண்ணம் ஈடேறாது என்பதை அறிவான். ஆதலின், பல குடிமக்கள் எழுதியன போன்று வெவ்வேறு கையெழுத்தில் கடிதங்கள் வரைந்து, புரூட்டஸின் கண்ணிற் படும்படி இடுவிக்கின்றான். அவன் தனித்து நின்று கூறும் கருத்தொன்று நம் சிந்தனைக்குரியது. தான் புரூட்டஸாகவும் புரூட்டஸ் கசியஸாகவும் இருந்தால், தன்னை அவன் இவ்வாறு வசப்படுத்த இயலாது என்கின்றான். ஏமாற்றுபவனுக்கு ஏமாறுபவனின் நேர்மையே கருவியாக அமைதலை இங்கே காண்கின்றோம்.

இரண்டாம் அங்கத்தில், நள்ளிரவில், தன் தோட்டத்தில் உலாவும் புரூட்டஸின் தனிமொழியை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். சீசரிடம் தனக்குத் தனிப்பட்ட பகை யாதுமில்லை என அவன் ஒப்புக்கொள்கின்றான். சீசர் அறிவை மீறி உணர்ச்சிக்கு ஆட்பட்டதைத் தான் கண்டதில்லை என்றும் கூறுகின்றான். அங்ஙனமாயின் கொலைக்குக் காரணம் யாது? முடி சூடினால் அவன் மாறக்கூடும் என்பதே. பொரிக்குமுன் பாம்பின் முட்டையை நசுக்குவது போன்று அவனைக் கொல்லவேண்டும் எனத் துணிகின்றான். செய்த குற்றத்துக்கன்றிச் செய்யக்கூடிய குற்றத்துக்கு ஒருவன் மரணதண்டனை பெறுகின்றான். நியாயம் தேடும் உள்ளம், முடிவை முன்னரே செய்துவிட்டுக் காரணத்தைப் பின்னர் தேடுவதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

அவ்வேளையிற்றான் பணியாளனாகிய சிறுவன் லூசியஸ் கடிதமொன்றைக் கொணர்கின்றான. அதன் வாசகம் இடையில் அறுந்து நிற்கின்றது. அறுந்த இடத்தைப் புரூட்டஸ் தானே இட்டு நிரப்புகின்றான். எழுதியவன் கசியஸ், எழுதாது விட்டதை எழுதியவன் புரூட்டஸ். எனினும் அவன் செவியில் ஒலிப்பதோ உரோம் நாட்டின் குரல். அக்குரலுக்கு அவன் அளிக்கும் வாக்குறுதியே நண்பனுக்கு எமனாகின்றது.

இக்கடிதத்தோடு மற்றொரு கடிதத்தையும் ஒப்புநோக்குதல் தகும். கொலைநாளன்று ஆர்ட்டிமிடோரஸ் என்பான் சதிகாரர் பெயர்களையெல்லாம் எழுதிச் சீசரிடம் நீட்டி, உடனே படிக்குமாறு வேண்டுகின்றான். தன்னைப் பற்றியதாயின் அது இறுதியிற் கவனிக்கப்படும் என்று சீசர் பெருமிதத்தோடு அதனை ஒதுக்குகின்றான். மெய்க் கடிதம் படிக்கப்படாது போயிற்று. பொய்க் கடிதம் நம்பப்பட்டது. சீசரைத் தற்பெருமை கெடுத்தது. புரூட்டஸைத் தன் நேர்மையில் அவன் வைத்த அளவிறந்த நம்பிக்கை கெடுத்தது.

கொலைக்குப்பின் புரூட்டஸ் மக்களுக்குக் காரணம் உரைக்கின்றான். கேட்ட மக்களோ, இவனையே சீசராக்குவோம் என ஆரவாரிக்கின்றனர். முடியாட்சி வேண்டாமென்று ஒருவனைக் கொன்றவனுக்கு அம்மக்கள் முடியையே பரிசாக நீட்டுகின்றனர்! எந்த மக்களின் குரலைக் கேட்டதாக அவன் எண்ணினானோ, அவர்களை அவன் ஒருபோதும் அறிந்திலன் என்பது அக்கணத்தில் வெளியாகின்றது.

அடுத்துப் பேசும் அன்ரனியைப் பலர் விசுவாசத்தின் வடிவமாகவே கொள்வர். பிணத்தின் முன் அவன் வடிக்கும் கண்ணீர் பொய்யன்று. ஆயின், ஒவ்வொரு குடிமகனுக்கும் 75 திராக்மா அளிக்கும் சீசரின் மரணசாதனத்தைக் காட்டி மக்களைக் கலகத்துக்குத் தூண்டியவன், நான்காம் அங்கத் தொடக்கத்தில், அதே சாதனத்தின் கொடைகளைக் குறைக்க வழி தேடுகின்றான். கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் தன் மருகனின் பெயருக்கும் இசைகின்றான். தன்னோடிருக்கும் லெப்பிடஸைச் சுமை தாங்கும் கழுதைக்கு ஒப்பிடுகின்றான். நண்பனுக்காகத் தொடங்கிய பழிவாங்கல் பதவி வேட்கையாக மாறியமைக்கு இக்காட்சியே சான்று.

புரூட்டஸின் கரமும் தூய்மையாக நிற்கவில்லை. கைக்கூலி வாங்குவதாகக் கசியஸைக் கடிந்துரைக்கும் அவனே, படைகளுக்குப் பொன் அனுப்பவில்லை என்று அவனிடம் சினக்கின்றான். இழிந்த வழியிற் பொருள் ஈட்டத் தன்னால் இயலாது என்பது அவன் வாதம். பிறர் ஈட்டிய பொருளைப் பெற அவனுக்குத் தடையில்லை. இம்முரணைச் சேக்ஸ்பியர் எள்ளி நகையாடவில்லை. காட்டிவிட்டு மேலே செல்கின்றார்.

இறுதியில், பிலிப்பிப் போர்க்களத்தில், கி.மு. 42இல், தோல்வியுற்ற புரூட்டஸ் நண்பர்களை நோக்கி விடைபெறுகின்றான். தன் வாழ்நாளில் தனக்கு உண்மையாக இராத ஒருவனையேனும் தான் கண்டதில்லை என்று கூறி அவன் உளம் மகிழ்கின்றான். இவ்விடத்தில் நம் உள்ளம் நடுங்குகின்றது. அந்தப் பேறு சீசருக்குக் கிட்டாமற் செய்தவன் யார்? அதனை அவன் நினைத்தானல்லன். பகைவனாகிய அன்ரனியே அவனை உரோமருள் உயர்ந்தவன் எனப் போற்றுகின்றான். அப்புகழும் மெய், அத்துரோகமும் மெய். இரண்டையும் ஒருங்கே தாங்குமாறு நம்மைப் பணிப்பதே இந்நாடகத்தின் அவலம். காக்க முயன்ற குடியரசோ காக்கப்படவில்லை. கி.மு. 27இல் ஒக்டேவியன் அகஸ்தஸ் என்னும் பட்டம் பெற்றுத் தனியாட்சியை நிலைநாட்டினான்.

கல்லூரியை விட்டு நீங்குவோர், சங்கங்களிலும் சபைகளிலும் பொதுப்பணி மன்றங்களிலும் பொறுப்பேற்பர். அங்கே, மக்கள் கேட்கின்றனர், நாடு அழைக்கின்றது என்னும் கடிதங்கள் அவர்கள் சாளரத்திலும் வந்து விழும். நண்பனைக் கைவிடுமாறு அவை வேண்டவும் கூடும். பொதுநலத்துக்காக நட்பைத் துறக்க நேரும் காலம் ஒருவனுக்கு வாராது என நாம் கூறோம். ஆனால் அதற்குமுன் மூன்று வினாக்களை அவன் தன்னிடமே கேட்டல் வேண்டும். இதனை எழுதிய கை யாருடையது? அறுந்த இடத்தை நிரப்பியவன் நானா? நண்பன் செய்ததற்காக அவனைத் துறக்கின்றேனா, அன்றிச் செய்யக்கூடும் என்னும் அச்சத்திற்காகவா? புரூட்டஸ் நல்லவன், கற்றவன், தன்னலம் கருதாதவன். அத்தகையோனும் இவ்வினாக்களைக் கேட்கத் தவறினான் என்பதை நாம் மறவாதிருப்போமாக.