முறிந்த எலும்பு கூடும் விதம்



"எப்ப ஐயா கடலுக்குப் போகலாம்?" காரைக்கால் பகுதி மீனவர் கால் முறிந்து படுத்திருக்கும்போது, அவருக்காக ஜெபித்து முடித்ததும் நாங்கள் கேட்கும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்ல, எலும்பு எவ்விதம் கூடுகிறது என்று அறியவேண்டும்.

முறிந்த இடத்தில் முதலாவது இரத்தம் கசிந்து உறைகிறது. சில நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் இரு முனைகளையும் இணைத்துக் குருத்தெலும்பு போன்ற மெல்லிய பாலம் உண்டாகிறது. பின்பு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. மிஞ்சிய பகுதி மாதக்கணக்கில் கரைந்து, எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. தோல் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்போ புது எலும்பாகவே வளருகிறது. சிருஷ்டிகர் உள்ளே வைத்த ஏற்பாடு இது.

மருத்துவர் எலும்பை ஒட்டவைப்பதில்லை. நேராக்கி, அசையாமல் நிறுத்துகிறார். இதற்கான மாவுக்கட்டை 1851-இல் வகுத்தவர் மத்தேய்சன் என்னும் டச்சு இராணுவ மருத்துவர்.

வலி நின்றதென்று நான்காம் வாரமே கட்டை அறுத்துவிட்டு வலை இழுக்கப் போனால், அந்த மெல்லிய பாலம் உடைகிறது. கால் கோணலாகக் கூடும். கூடாமலே போவதும் உண்டு. பீடி, சிகரெட்டும் கூடுவதைத் தாமதப்படுத்தும். மாவுக்கட்டோ மூங்கில் பத்தையோ, கட்டியபின் வலி அதிகரித்து, விரல்கள் நீலம் பாய்ந்து மரத்தால், கட்டு இறுகியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

கையெலும்பு கூட ஏறக்குறைய ஆறு வாரம். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதம். எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் பெருகக் கடலுக்கு ஓய்வு வேண்டுமென்று எங்கள் மீனவர் அறிவார்கள். கால் கேட்கும் ஓய்வு அதைவிட நீண்டது. அதுவரை அடுப்பு எரியவேண்டுமே! கட்டை முன்கூட்டியே அறுக்கிறவரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. பெரும்பாலும் அறியாமையல்ல, பசியே அவரை எழுப்புகிறது.

எலும்பு கெட்டியானபின், மருத்துவர் சொல்லும் அளவில், ஊன்றுகோலோடு சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றவேண்டும். பாரம் தாங்கத் தாங்க எலும்பு உறுதிப்படும்.

பிரியமானவர்களே, எலும்பைக் கூட்டுகிறது நாங்களுமல்ல, நீங்களுமல்ல. ஆனால் அது கூடும்வரை ஒரு குடும்பம் காத்திருக்க, உங்கள் காணிக்கையால் அரிசி வாங்கிக் கொடுக்கலாம்.