வெளிக்கடையில் கேமரா மாட்டினால் வாரன்டி போய்விடுமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன் ஒன்பதரை லட்சம் கொடுத்து கார் வாங்கினோம். மூன்று வருட வாரன்டி. கொஞ்ச நாளாக, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீரிங் படம் போட்ட விளக்கு எரிகிறது. ஸ்டீரிங் கல் மாதிரி இறுகிவிடுகிறது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை "ரீசெட் பண்ணிட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது, "வெளிக்கடையில் ரிவர்ஸ் கேமரா போட்டிருக்கீங்க, ஒயரிங்ல கை வெச்சதால வாரன்டி கிடையாது. ஸ்டீரிங் அசெம்பிளி மாற்ற 52,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். கட்டித்தான் ஆகவேண்டுமா?

- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: கட்டாதீர்கள், இப்போதைக்கு. "வாரன்டி கிடையாது" என்று உங்களிடம் சொன்னது யார்? சர்வீஸ் அட்வைசர். வாரன்டி கொடுத்தது அவரும் இல்லை, அவருடைய முதலாளியும் இல்லை. காரைத் தயாரித்த கம்பெனி. டீலர் பாகத்தை மாற்றிவிட்டு, அந்தச் செலவைக் கம்பெனியிடம் கிளெய்ம் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனி அதை ஏற்காவிட்டால் நஷ்டம் டீலர் தலையில். அந்தப் பயத்தில், கிளெய்மே போடாமல் "ரிஜெக்ட் ஆகிடும்" என்று சொல்லி அனுப்புவது நடக்கிறது. உங்கள் விஷயத்தில் கம்பெனியை யாராவது கேட்டார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

அடுத்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "ஜெனரல் செக்கப்" என்று இரண்டே வார்த்தையில் முடிக்கப் பார்ப்பார்கள். "ஓடும்போது ஸ்டீரிங் விளக்கு எரிந்து ஸ்டீரிங் இறுகுகிறது, இதே புகாருக்கு மூன்றாவது வருகை" என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லுங்கள். முந்தைய இரண்டு ஜாப் கார்டுகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் ஆள் ஓட்டிப் பார்க்கும்போது விளக்கு எரிந்தால், ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர் அந்த விளக்கும் கிலோமீட்டரும் ஒரே காட்சியில் தெரிய வீடியோ எடுக்கட்டும்.

அடுத்தது ஸ்கேன். விளக்கு எரிந்தால் காரின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபால்ட் கோடு பதிவாகும். "ரீசெட் பண்ணிட்டோம்" என்றால் கோளாறைச் சரிசெய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, அந்தப் பதிவை அழித்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அழிக்கும் முன் அதன் பிரின்ட் வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வழக்கே அந்தக் கோடில்தான் இருக்கிறது. டீலர் சொல்வது முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். வெளிக்கடையில் ஒயரை வெட்டி ஒட்டியதில் மின்னழுத்தம் குறைந்தால் ஸ்டீரிங் மோட்டார் நின்றுபோவது உண்டு. ஆனால் அப்படியென்றால் கோடும் மின்னழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சாரையோ மோட்டாரையோ காட்டினால், பின்பக்கம் இருக்கும் கேமராவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று டீலர்தான் விளக்க வேண்டும். அவர்கள் முன்னிலையிலேயே கேமரா இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு, அவர்களையே சில நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். அப்போதும் விளக்கு எரிந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

இந்திய போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. வண்டியை வெளியே கொடுத்து வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. உங்கள் கடிதத்தில் இந்த உத்தரவைக் குறிப்பிடுங்கள். வாரன்டி கையேட்டையும் படியுங்கள்: பெரும்பாலும் அதில், மாற்றி அமைத்ததால் "ஏற்பட்ட" கோளாறுக்குத்தான் விலக்கு இருக்கும்.

இதையெல்லாம் வைத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். டீலருக்கும் ஒரு நகல் போகட்டும். "மறுப்பதானால் எந்த விதியின்படி, எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் தாருங்கள்" என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். எழுத்தில் கேட்டதும் பல இடங்களில் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வண்டியைப் பார்க்க வந்துவிடுவார். வாங்கிய ஷோரூமிலேயே மல்லுக்கு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. பொதுவாக அதே கம்பெனியின் வேறு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் வாரன்டி செல்லும்.

அதற்கும் மசியவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதன் பிறகு திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷோரூம் கோவையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஒன்பதரை லட்சம் கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை. டீலர், கம்பெனி இருவரையும் சேருங்கள். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

அங்கே ஆத்திரத்தில் "புது கார் கொடு" என்று கேட்காதீர்கள். பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரன்டி சொல்கிறது, காரையே அல்ல என்று மாருதி சம்பந்தப்பட்ட வழக்கில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டீரிங் அசெம்பிளியை இலவசமாக மாற்றித் தர வேண்டும், அலைச்சலுக்கு இழப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். உற்பத்திக் குறைபாடு என்று வாதாடுவதானால் நிபுணர் அறிக்கை இல்லாமல் நிற்பது கஷ்டம். வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே மனு போடலாம்.

வேறு வழியே இல்லாமல் பணம் கட்ட நேர்ந்தால் பில்லிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் சாட்சி. ஸ்டீரிங் சரியாகும்வரை இந்த வண்டியை நீங்கள் எடுக்காதீர்கள், முக்கியமாக மலைப்பாதையில். வளைவில் இறுகினால் வாரன்டியைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. சர்வீஸ் சென்டருக்குக்கூடக் கம்பெனியின் சாலையோர உதவியைக் கூப்பிட்டு இழுத்துப் போகச் சொல்லுங்கள். அந்த ரசீதும் தேதி போட்ட ஆவணம்தான்.